இடப்பக்கத்துப் பத்துக் கட்டைகள்

என் இடப்பக்கத்து ஆளே, ஆசை மாப்பிள்ளை நாச்சிமுத்து,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். அதனால் கேட்கவில்லை. இங்கே எல்லோரும் இருக்கிறோம். காவிரியில் தண்ணீர் இறங்கிப் பாறை தெரிகிறது. உன் மகள் சரசுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. நூல்தான் கிடைப்பதில்லை. சண்டை எங்கோ நடக்கிறது, குமாரபாளையத்துத் தறி எதற்குப் பட்டினி கிடக்க வேண்டும்? வாரத்தில் மூன்று நாள் தறியைத் துடைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

இந்தக் கடிதத்தை நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். உனக்கும் எனக்கும் நடுவில் ஒளித்துவைக்க ஒன்றும் கிடையாது என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒன்று இருந்திருக்கிறது. நேற்று மத்தியானம் அது வெளியே வந்தது. அதைக் கேட்காமல் உன்னை விடப்போவதில்லை.

முதலில் ஒரு சேதி. தறியில் உன் இடத்தில் அங்கமுத்து உட்காருகிறான். கோபித்துக்கொள்ளாதே. கல்யாண ஜமக்காளத்தின் அகலத்துக்கு ஒற்றை ஆளால் நெய்ய முடியாது. இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன் உட்கார்ந்து, நாடாவை இவன் கையிலிருந்து அவன் கைக்குத் தள்ளித் தள்ளித்தான் நெய்தாக வேண்டும். வயிறு துக்கம் பார்க்குமா? அங்கமுத்து நல்ல பையன்தான், கை சுத்தம். ஆனால் முதல் நாள் தறியை விட்டு எழுந்ததும் அவன் ஒன்று கேட்டான்.

"அப்பொ அந்தத் துருத்திப் பொட்டியிலயும் இடப்பக்கம் இனி நானுங்களாண்ணா?"

எனக்கு வந்ததே கோபம். "தறி வேற, பொட்டி வேற. போய் உன்ற வேலையப் பாரு" என்றேன். பாவம், முகம் சுண்டிப்போனான். அவன்மேல் தப்பில்லை. அந்தப் பெட்டிக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று ஊரையே நம்ப வைத்தது நீயும் நானும்தானே.

தெரியாதவர்கள் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூரில் அணை வேலை முடிந்து துரைமார் மூட்டை கட்டியபோது, அவர்கள் விட்டுப்போன சாமான்களைப் புளியமரத்தடியில் பரப்பி ஏலம் விட்டார்கள். ஜமக்காளம் கொடுக்கப் போன நாம் வேடிக்கை பார்க்க நின்றோம். நாற்காலி, லாந்தர், தொப்பி என்று போய்க்கொண்டிருந்தது. நடுவே ஆறுபட்டையாக ஒரு பெட்டி வந்தது. நடுவில் தோல் துருத்தி. விரலால் அமுக்க இரண்டு முனையிலும் பத்துப் பத்து எலும்புக் கட்டைகள், கையை நுழைக்க முனைக்கு ஒரு தோல்வார். கன்சர்டினா என்றார் ஏலக்காரர்.

நீ என் விலாவில் இடித்தாய். "மச்சா, பாரு. நம்ம தறியாட்டவே இருக்குது. இடத்தாளுக்கு ஒரு வாரு, வலத்தாளுக்கு ஒரு வாரு."

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இரண்டு பிடி இருந்தால் இரண்டு ஆள். ஜமக்காளத் தறியில் பிறந்து வளர்ந்தவன் வேறெப்படி நினைப்பான்?

அப்படித்தான் ஆரம்பித்தோம். பலகையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, நீ உன் இடக்கையை இடது வாரில் நுழைப்பாய், நான் என் வலக்கையை வலது வாரில். மிச்சமிருந்த இரண்டு கைக்கும் தொடையில் தாளம் போடுகிற வேலை. தடித்த சுரமெல்லாம் உன் பக்கம், மெல்லிய சுரமெல்லாம் என் பக்கம். ஒரே கட்டையில் விரல் வைத்துத் துருத்தியை அமுக்கும்போது ஒரு சுரம் வந்தது, இழுக்கும்போது வேறொன்று வந்தது. பெட்டி கெட்டுப்போனது என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தோமே, நினைவிருக்கிறதா? நான் இழுப்பேன், நீ அமுக்குவாய், துருத்தி இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு பேர் ஒரு கோழிக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று என் பெண்டாட்டி ராமாயி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம் வழிக்கு வந்தோம். ஒரு வருஷத்தில் நம் தெருவின் காவடி மெட்டு பிடிபட்டது. மெட்டு கீழே போனால் உன் விரல், மேலே ஏறினால் என் விரல். தைப்பூசக் காவடிக்குப் பின்னால் நாம் இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி நடந்துகொண்டே வாசித்தோம். நம்மை வித்துவான் என்று ஒருவனும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். பகலெல்லாம் குனிந்து கிடந்த முதுகு, பெட்டியைத் தொட்டதும் நிமிர்ந்ததே, அது போதாதா?

மூன்றாம் வருஷம் ஈரோட்டு ரயிலடியில் பார்த்தோம். ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு, தன் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து, இதே வாத்தியத்தை இரண்டு கையாலும் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். நீயும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பவானி வரைக்கும் பஸ்ஸில் வாயைத் திறக்கவில்லை. பாலத்தில் நடந்து வரும்போதுதான் நீ சிரிக்க ஆரம்பித்தாய். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"அந்தாளுக்குத் தொணைக்கு ஆளில்ல மச்சா, ஒத்தையில கெடந்து இழுக்கறாரு. நமக்கு ஆளுக்கா பஞ்சம்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாம் வாசித்தபடியே வாசித்தோம். சபையில் "வாங்க மாப்பிள்ளை" என்று உன்னை மரியாதையாகக் கூப்பிட்டவன், பெட்டியைத் தொட்டுவிட்டால் "டேய் நாச்சி" என்பேன். என் தங்கை பாவாயியை உனக்குக் கட்டிக் கொடுத்ததே, நீ பக்கத்து வீட்டிலேயே இருப்பாய் என்கிற சுயநலத்தில்தான். இப்போது சொன்னால் என்ன?

ஆவணியில் உனக்குக் காய்ச்சல் கண்டது. பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் நீ இல்லை. அதைப் பற்றி நான் எழுதமாட்டேன். என்னால் முடியாது.

ஐப்பசியில் ஒருநாள் மழை. தறியும் இல்லை, வெளியே போகவும் முடியவில்லை. பெட்டியை எடுத்தேன். உன் வாரில் என் இடக்கையை நுழைத்து, இழுக்கவும் அமுக்கவும் மட்டும் அந்தக் கையை வைத்துக்கொண்டு, என் பக்கத்துச் சுரங்களை வாசித்தேன். உன் முறை வரும்போது சும்மா துருத்தியை ஆட்டுவேன். வெறும் காற்று போகும். மறுபடி என் முறை வந்ததும் வாசிப்பேன். இப்படியே நாலு நாள் வாசித்தேன். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

ஐந்தாம் நாள் பாவாயி வந்தாள். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தானே. வாசற்படியிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"ஏனுங்ணா, நீங்க வாசிக்கறப்ப நடுநடுவுல நின்னு நின்னு போவுதுங்களே, அந்த எடமெல்லாம் அவரோட எடமுங்க. நீங்க வாசிக்கறது என்ற காதுல உழுவறதில்ல. அவரு இல்லாத எடந்தான் உழுவுது."

நான் வாரிலிருந்து கையை உருவினேன். அவளே தொடர்ந்தாள்.

"வாசிக்க வேண்டாம்னு சொல்லலீங். வாசிச்சாப் பூராவும் வாசிங்க. பூசம் வரைக்கும் பாருங்க. முடியலீன்னாப் பொட்டிய எங்கிட்டக் குடுத்துருங்க, நானு பீரோவுல வெச்சுப் பூட்டிப்போடறேன். அரைகொறையா மட்டும் எங்க ஊட்டுச் செவுத்துக்கு இந்தப்பக்கம் வேண்டாமுங்ணா."

என் தங்கை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. அன்றைக்கே முடிவு பண்ணினேன். உன் பாதியையும் நானே வாசிப்பேன், அங்கமுத்துவுக்கும் கொடுக்கமாட்டேன், பீரோவுக்கும் கொடுக்கமாட்டேன்.

ராமாயி சிரித்தாள். "சோறு திங்கறப்பவே இடக்கையி எங்கிருக்குதுன்னு தேடற ஆளு நீங்க. அதுல பாட்டு வாசிக்கப் போறீங்களாக்கும்." சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு ரோஷம் வந்தால் நல்லதுதான், வேலை நடக்கும்.

ஆனால் உன் கட்டைகள் எவை? ஒன்பது வருஷம் உன் தோளில் தோள் இடித்து உட்கார்ந்தவன், ஒருநாளாவது உன் விரலைப் பார்த்தேனா? என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் உன் சுரம் இருந்தது, கை எங்கே போகும் என்று தெரியவில்லை. பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பத்துக் கட்டையில் ஐந்தில் உன் விரல்பட்ட நூல் சாயக்கறை ஏறியிருந்தது. சிவப்பும் நீலமும் பச்சையும் சேர்ந்து எலும்புக்குள்ளேயே இறங்கிவிட்டது. மிச்சம் ஐந்தும் வாங்கின நாள் மாதிரி வெள்ளையாக இருந்தன. அட பொய்க்காரா, பத்தையும் வாசிக்கிறேன் என்று சந்தைவரைக்கும் போய் மார்தட்டினாயே. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஐந்து கட்டை என்று தெரிந்ததும் பாதித் தூரம் தாண்டிவிட்டதாக நினைத்தேன். தாண்டவில்லை. வலக்கை ஓடினால் இடக்கை நின்றுவிடும். இடக்கையைக் கிளப்பினால் வலக்கை எங்கே இருக்கிறோம் என்று மறந்துவிடும். தாளம் போடக் கை மிச்சமில்லை. அமுக்க வேண்டிய இடத்தில் இழுத்துவிடுவேன், மெட்டு கோணிக்கொண்டு வேறெங்கோ போகும். கார்த்திகை முழுக்க இதே கூத்து. கையைப் பெட்டியில் அடித்துக்கொண்டேன், பெட்டியைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன். மறுநாள் காலையில் பழையபடி எடுத்து உட்கார்ந்தேன்.

ஒருநாள் பலகையில் உட்காராமல், நூலில்லாத தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். பெட்டி மடியில் இருந்தது. கால் பழக்கதோஷத்தில் மிதிகட்டையை மிதித்தது. வலது, இடது, வலது. எனக்குச் சட்டென்று உறைத்தது. கைக்குத் தெரியாதது காலுக்குத் தெரியுமே! வலது மிதிக்குத் துருத்தியை அமுக்கு, இடது மிதிக்கு இழு. காவடி மெட்டு முழுவதையும் மிதியாகப் பிரித்தேன். வலது இரண்டு, இடது ஒன்று, வலது ஒன்று, இடது மூன்று. பூக்கரை போடும்போது எண்ணிக்கொண்டு நெய்கிறோமே, அந்தக் கணக்குத்தான். வெறும் தறி கடகடவென்று ஆட, நடுவில் நான் துருத்தியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அங்கமுத்து வாசலோடு திரும்பிப் போனான். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

மார்கழி முதல் வாரத்தில் முதல் வரி வந்தது. முழுசாக வந்தது மாப்பிள்ளை! கீழே உன் சுரம், மேலே என் சுரம், நடுவில் காற்றுப் போகவில்லை. தறிக்குழியில் தனியாக உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம் ஒன்று தெரிந்தது. உன் பக்கத்துத் தடித்த சுரம் இருக்கிறதே, அது காதில் மட்டும் கேட்பதில்லை. உள்ளங்கையில் அதிர்ந்து, தொடையில் இறங்கி, வயிற்றில் போய் உட்காருகிறது. இந்த சுகத்தையெல்லாம் நீ வைத்துக்கொண்டு கீச்சுப் பக்கத்தை என் தலையில் கட்டினாயா? நல்ல மாப்பிள்ளை நீ. உன் பாதியை வாசிக்க எனக்குப் பிடித்திருந்தது. உன் இலையில் கை வைக்கிறோமோ என்று கொஞ்சம் உறுத்தவும் செய்தது. ஆனாலும் தினம் வாசித்தேன். வார் உராய்ந்து இடது புறங்கையில் தோல் உரிந்தது. துணி சுற்றிக்கொண்டு வாசித்தேன். தை பிறக்கும்போது நாலு வரியும் என் கையில் இருந்தது.

இனி நேற்று நடந்ததற்கு வருகிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாவாயியைக் கூப்பிட்டனுப்பினேன். நாடாவுக்குத் தார் சுற்ற வேண்டிய நூலையும் ராட்டையையும் எடுத்துக்கொண்டே வந்தாள். சுவரோரம் உட்கார்ந்தாள். "வாசிங்ணா" என்றாள், அவ்வளவுதான். நான் குழியில் காலை விட்டு வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வரி போயிற்று. இரண்டாம் வரி போயிற்று. அவள் ராட்டையைச் சுற்றவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வரியில் மெட்டு என் பக்கத்து உச்சிக்கு ஏறி, அங்கிருந்து உன் பக்கம் இறங்குகிறதே, அந்த இடம் வந்தது.

அந்த இடத்தில் நீ எப்போதுமே ஒரு மிதி தாமதமாகத்தான் வருவாய். "எங்கடா பராக்குப் பாக்கறே?" என்று ஒன்பது வருஷமும் உன்னைத் திட்டியிருக்கிறேன். நீ பல்லைக் காட்டுவாய். உன் பாதியைக் கற்கும்போது அந்தத் தாமதத்தையும் சேர்த்தே கற்றேன். அதை எடுத்துவிட்டால் அது உன் வாசிப்பு ஆகாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம். அதனால் நேற்றும் அங்கே நின்றேன், ஒரு மிதி விட்டேன், பிறகு இறங்கினேன். நாலாம் வரியை முடித்துப் பெட்டியை மடக்கினேன்.

பாவாயி கண்ணைத் திறந்தாள். "அந்த எடத்துல ஏனுங்ணா நின்னீங்க?"

"மாப்பிள்ள அங்க தாமசமாத்தான் வருவாரு பாவாயி. உனக்குத்தான் தெரியுமே."

"அவரு தாமசமா வரலீங்" என்றாள். "அந்த ஒசரத்துல உங்குளுக்கு சுண்டுவெரலு எட்டாதுங்க. தடவித் தடவித்தான் கட்டையப் புடிப்பீங்க. நீங்க புடிக்கற வரைக்கும் அவரு நின்னாரு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஊட்டுக்கு வந்து எங்கிட்டச் சொல்லிச் சிரிப்பாருங்க. மச்சாங்கிட்டச் சொல்லிப்போடாதே, ரோசக்காரரு, வாத்தியத்தையே உட்டுப்போடுவாருன்னு சொல்லுவாரு." அவள் ராட்டையைத் தொட்டாள், விட்டாள். "நானும் சொல்லோணும்னு நெனைக்கலீங். ஆனா இப்ப உங்க வெரலு தடுமாறலீங்களே. ஓடிப்போய் அந்தக் கட்டைய ஒரே புடியாப் புடிக்குது, பாத்துட்டுத்தான் இருந்தேன். அப்பறம் யாருக்காக நிக்கறீங்க?"

மாப்பிள்ளை, நான் அழுதேன். குழிக்குள் கால் இருந்தபடி, மடியில் பெட்டி இருந்தபடி, தங்கை முன்னால் அழுதேன். நீ போன அன்றைக்கு ஆண்பிள்ளை என்று அடக்கிவைத்தது எல்லாம் நேற்று வந்தது. ஒன்பது வருஷம் காவடிக்குக் காவடி ஊரார் முன்னால் நான் உன்னைத் திட்டினேனே, ஒருநாளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக்கூடாதா? சொல்லியிருந்தால் நான் பெட்டியை விட்டெறிந்திருப்பேனா? எறிந்திருப்பேன். என்னை உனக்குத் தெரியும்.

பாவாயி என்னைத் தேற்றவில்லை. "முகத்தத் தொடச்சுட்டு இன்னொருக்கா வாசிங்ணா" என்றாள். வாசித்தேன். அந்த இடம் வந்தது, மறுபடி நின்றுவிட்டேன். கால் கேட்கவில்லை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாம் முறை பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். உச்சிக்கு ஏறினேன், கட்டை கையில் சிக்கியது, நிற்காமல் உன் பக்கம் இறங்கினேன்.

அவள் நூலை அள்ளிக்கொண்டு எழுந்தாள். பிறகு ராட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பொட்டி உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. பூசத்தன்னிக்குக் காவடிக்கு எடுத்துட்டுப் போங்க, நானு வாசல்ல நின்னு கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாளைக்குப் பூசம். காவடி நம் தெருவழியாகத்தான் போகும். பெட்டியைத் துடைத்து, வாருக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். நான் ஒருவனாக இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டு வருவதை ஊர் பார்க்கும். இது ஒற்றை ஆள் வாத்தியம் என்பது நாளையோடு ஊருக்குத் தெரிந்துவிடும், கேலி பண்ணுவார்கள், பண்ணட்டும். உன் வீட்டு வாசலில் பாவாயி நிற்பாள். சரியாக அங்கே வரும்போது மூன்றாம் வரி வரும்படி அடியெடுத்து வைக்கப்போகிறேன்.

இதை உனக்கு வாக்காகத் தருகிறேன். அந்த இடத்தில் நிற்கமாட்டேன். நாளைக்கும் நிற்கமாட்டேன், இந்தக் கை ஓடுகிற வரைக்கும் எந்தப் பூசத்துக்கும் நிற்கமாட்டேன். ஒன்பது வருஷம் எனக்காக நின்றாயே நாச்சி, அது போதும்.

இனி உன்னைத் திட்ட வாய்ப்பில்லாமல் தவிக்கும்,
பாவாயியின் அண்ணன், உன் மச்சான்
செங்கோடன்